தோட்டத்து டிராக்டருக்கு முன்விளக்கு

கெர்லிங் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருவர், "அண்ணே, நீங்க பட்டறையிலே வேலை செஞ்சவருதானே? எங்க வீட்டுக்காரர் ஓட்டுற டிராக்டருக்கு முன்னாலே லைட்டு இல்லே. பழைய வண்டி. அதுக்கு லைட்டுப் போட்டா பேட்டரி தாங்குமா?" என்று கேட்டார். பந்தியில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலா அது? பாயசம் வருமுன் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இன்று சொல்கிறேன். பழைய டிராக்டர் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

இந்த விஷயத்தில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை ஒன்றும் உண்டு.

1976-ஆம் ஆண்டு. நான் ஒரு தோட்டத்துப் பட்டறையில் கையாள். வயது பதினேழு. அந்தத் தோட்டத்தில் சிவப்பு வண்ண மாஸி பெர்குசன் 35 ஒன்று இருந்தது. வாங்கியபோது அதற்கு விளக்குகள் இருந்தனவாம். செம்பனை மட்டைகள் இடித்து இடித்து முதலில் கண்ணாடி போயிற்று, பிறகு கிண்ணமும் போயிற்று. பகலில்தானே ஓடுகிறது என்று யாரும் திரும்ப மாட்டவில்லை. பால்மரக் காட்டில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. செம்பனை வந்த பிறகுதான் மட்டையும் முள்ளும் வண்டியின் முகத்தில் அறைய ஆரம்பித்தன. இந்த நாட்டில் செம்பனையை வியாபாரப் பயிராக முதன்முதலில் நட்டது நம் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில்தான். 1917-ல் ஆன்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் நட்டார். தோட்டத்தின் பெயர் நம் தமிழ்த் தென்னைமரம், அதில் நட்டதோ ஆப்பிரிக்கச் செம்பனை! இருக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.

ஒரு நாள் இரவு, மழை விட்டும் விடாத நேரம். லயத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. தோட்டத்து வேன் வெளியே போயிருந்தது. தார்ச்சடக்கு வரைக்கும் மூன்று மைல் செம்மண் சடக்கு. கார் எதுவும் இறங்கி வராது. டிராக்டர் ட்ரேலரில் வைக்கோல் பாயும் கோணிச் சாக்கும் போட்டு அவரைப் படுக்க வைத்தோம். விளக்கு இல்லாத வண்டி. கணவர் மட்கார்டின்மேல் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். டார்ச் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்? மழைத்தாரையில் அந்த வெளிச்சம் திரும்ப நம் கண்ணிலேயே அடித்தது. பாலத்துக்கு முன்னால் சடக்கு அரித்துப் போயிருந்தது தெரியாமல் முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. மட்கார்டில் இருந்தவர் கீழே விழுந்தார். நல்ல வேளை, சக்கரத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழந்தை கோலா குபு பாரு ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை, ட்ரேலரிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். பிழைக்காமல் போயிருந்தால் அதற்குக் காரணம் இரண்டு விளக்குகள் இல்லாததுதான் என்பதை அன்று ட்ரேலரில் வந்த எல்லோரும் அறிவோம்.

மறுநாளே நான் வேலையில் இறங்கினேன். பட்டறைக்குப் பின்னால் கிடந்த பழைய லாரியிலிருந்து இரண்டு முன்விளக்குகளைக் கழற்றி டிராக்டரில் மாட்டி, வயர் இழுத்து, சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. ஆனால் எப்படி எரிந்தது தெரியுமா? செக்கச்செவேலென்று, அணையப்போகும் அடுப்புத் தணல் மாதிரி. போர்மேன் ஐயா வந்து பார்த்தார். "தம்பி, இது டிராக்டர் விளக்கா, மண்ணெண்ணெய் விளக்கா?" என்றார். லாரி 24 வோல்ட், டிராக்டர் 12 வோல்ட். அந்த பல்புக்குப் பாதி வோல்ட்தான் கிடைத்தது. பாதி வோல்ட் கொடுத்தால் பாதி வெளிச்சம் வரும் என்று நினைக்காதீர்கள். கம்பி பல்பில் அப்படி நடப்பதில்லை. பத்தில் ஒரு பங்குதான் வரும். வோல்ட்டில் பத்து சதவிகிதம் குறைந்தாலே வெளிச்சத்தில் முப்பது சதவிகிதம் போய்விடும். இதை மறக்காதீர்கள். பின்னால் வயரைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

ஆகவே, விளக்கு வாங்கக் கடைக்குப் போகுமுன் வண்டியிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, நீ எத்தனை வோல்ட்? பேட்டரியின் தலையில் மூடிகளை எண்ணிப் பாருங்கள். ஆறு மூடி என்றால் 12 வோல்ட், மூன்று மூடி என்றால் 6 வோல்ட். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் கொடுக்கும். மூடியில்லாத புது வகைப் பேட்டரியில் எழுத்தைப் பார்த்துக்கொள்ளலாம். 1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் செய்த போர்ட் 8என் போன்ற வண்டிகள் 6 வோல்ட். அப்படி ஒன்றை யாராவது இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு என் வணக்கம். ஆனால் இன்று கடையில் கிடைக்கும் விளக்குகள் பெரும்பாலும் அதற்குப் பொருந்தா.

இரண்டாவது கேள்வி, உன் உடம்பு எந்தப் பக்கம்? பேட்டரியின் ஒரு முனையிலிருந்து தடித்த பட்டை ஒன்று வண்டியின் இரும்பில் பிணைக்கப்பட்டிருக்கும். அதைத்தான் எர்த் என்கிறோம். இப்போதைய வண்டிகளில் அது மைனஸ் முனை. பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில், சாம்பல் நிறப் பெர்குசனாகட்டும், மாஸி 35 ஆகட்டும், பிளஸ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். கம்பி பல்புக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல. எந்தப் பக்கம் மின்சாரம் போனாலும் அது எரியும். இப்போது எல்லோரும் வாங்கும் எல்இடி விளக்கு அப்படியல்ல. மாற்றிக் கொடுத்தால் எரியாது, சிலது கெட்டே போகும். எல்இடி போடுவதானால் சிவப்பு வயர் பிளஸ் முனைக்கும் கறுப்பு வயர் மைனஸ் முனைக்கும் போக வேண்டும். பிளஸ் எர்த் வண்டியில் சிவப்பு வயர்தான் உடம்புக்கு வரும். பழகிய மெக்கானிக்கே இதில் தடுமாறுவார், அதனால் வயரைத் தொடுமுன் ஒரு தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி, உன்னால் எவ்வளவு கொடுக்க முடியும்? அந்த அம்மா கேட்டது இதைத்தான். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி. தொட்டியை நிரப்புவது டைனமோ, அல்லது ஆல்டர்னேட்டர். விளக்கு எரிய எரிய தொட்டி வடியும். ஊற்று வரத்து குறைவாக இருந்தால் எவ்வளவு பெரிய தொட்டியானாலும் ஒரு மணி நேரத்தில் வற்றத் தொடங்கும்.

கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். முன்விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 55 வாட், ஆக 110. பின்விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 5 வாட், ஆக 10. மொத்தம் 120 வாட். 12-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். பழைய டிராக்டர்களில் இருந்த சிறிய டைனமோ, எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது, உச்சமாக 11 ஆம்பியர்தான் கொடுக்கும். சற்றுப் பெரியது 22 ஆம்பியர் வரை கொடுக்கும். 11 ஆம்பியர் டைனமோவில் 10 ஆம்பியர் விளக்குக்கே போனால், பேட்டரிக்கு மிஞ்சுவது ஒன்று. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அந்த ஒன்றும் கிடையாது. டைனமோவின் குணம் அது, வேகம் குறைந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே கொடுக்காது. குலை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியில் அதுதான் நடக்கும். பழைய வண்டியின் முகப்பில் ஆம்பியர் மீட்டர் ஒன்று இருக்கும். விளக்கைப் போட்டு எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள். முள் நடுக்கோட்டுக்குப் பிளஸ் பக்கம் நின்றால் சரி. மைனஸ் பக்கம் சாய்ந்தால் தொட்டி வடிகிறது.

டைனமோ சிறியதாக இருந்தால் வழி என்ன? ஆல்டர்னேட்டர் மாற்றலாம். பழைய லூக்காஸ் ஆல்டர்னேட்டர்களே 28 ஆம்பியர் கொடுக்கக்கூடியவை, மெதுவாகச் சுற்றும்போதும் ஓரளவு கொடுக்கும். ஆனால் அது மைனஸ் எர்த் வண்டிக்கானது என்றால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். செலவு. என் யோசனையைக் கேட்டால், எல்இடி போடுங்கள். 18 வாட் எல்இடி இரண்டு என்றால் 36 வாட், 3 ஆம்பியர். சிறிய டைனமோவும் தாங்கும். பழைய ஆள், புதுச் சரக்கைப் புகழ்கிறேனே என்று நினைக்க வேண்டாம். 1976-ல் இது கிடைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கும் எல்இடியில் பெரும்பாலானவை வேலை விளக்கு. நாலா பக்கமும் வெளிச்சத்தை வாரி இறைப்பவை. காட்டுக்குள் குலை பொறுக்க அது நல்லது. தார்ச்சடக்கில் ஏறினால் எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கும். சடக்குக்கு வேண்டியது டிம் உள்ள, மேல்விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும் முன்விளக்கு. இரண்டும் போடலாம், ஆனால் தனித்தனிச் சுவிட்ச்.

இனி வயர். என்னுடைய இரண்டாவது பிழை இங்கேதான். லாரி பல்பைத் தூக்கிப் போட்டுவிட்டு 12 வோல்ட் பல்பு மாட்டினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னிலையிலும் பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. நான் இழுத்திருந்தது வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒற்றைக் கம்பி வயர். அது அசையாமல் கிடப்பதற்காகச் செய்தது. டிராக்டரின் நடுக்கத்தில் பானெட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் கிழிந்து, இரும்பைத் தொட்டுவிட்டது. நடுவில் பியூஸ் கிடையாது. பேட்டரியின் முழுப் பலமும் அந்த ஒரு கம்பியில் பாய்ந்து அதைப் பழுக்கக் காய்ச்சிவிட்டது. பானெட்டுக்குள் டீசல் ஈரம், காய்ந்த புல், செம்பனை நார். தண்டல் ஒருவர் துணிச்சலாகப் பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்ததால் வண்டி தப்பியது. அவர் உள்ளங்கையில் அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது.

ஆகவே பியூஸ். எங்கே வைப்பது? விளக்குக்குப் பக்கத்தில் என்று பலர் வைக்கிறார்கள். தவறு. பியூஸ் விளக்கைக் காப்பதற்கல்ல, வயரைக் காப்பதற்கு. பேட்டரியிலிருந்து வயர் புறப்படும் இடத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். அப்போதுதான் வழியில் எங்கே உரசினாலும் பியூஸ் உருகி மின்சாரம் நின்றுவிடும். 110 வாட் முன்விளக்குக்கு 15 ஆம்பியர் பியூஸ். பின்விளக்குக்குத் தனியாக 5 ஆம்பியர். ஏன் தனி? முன்பக்கம் ஏதாவது கோளாறு வந்து பியூஸ் போனாலும் பின்பக்கச் சிவப்பு அணையக்கூடாது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று சிகரெட்டு வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பியூஸ் போனால் எங்கோ வயர் கிழிந்திருக்கிறது, அதைத் தேடுங்கள்.

வயர் பல நூல்கள் முறுக்கியதாக, மோட்டார் வண்டிக்கென்று விற்பதாக இருக்க வேண்டும். தடிமன் 2.5 சதுர மில்லிமீட்டர். மெல்லிய வயர் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் நாலு மீட்டர் தூரம் 9 ஆம்பியர் ஓடினால், வழியிலேயே 0.6 வோல்ட் தொலைந்துபோகும். 2.5 சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்தான் தொலையும். 0.6 வோல்ட் என்றால் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு. அதோடு எர்த் முனை துருப்பிடித்திருந்து அங்கே இன்னொரு 0.6 வோல்ட் போனால் மொத்தம் பத்து சதவிகிதம். நான் முன்பு சொன்னபடி முப்பது சதவிகித வெளிச்சம் காணாமல் போகும். "புது பல்பு போட்டேன், மங்கலாகவே இருக்கிறது" என்று பல பேர் சொல்வார்கள். பல்பின்மேல் குற்றமில்லை. எர்த் பிணைக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் பளபளவென்று சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். விளக்குக் கிண்ணத்தின் இரும்பை நம்பி எர்த் விடாமல், தனி வயராக எஞ்சின் வரைக்கும் கொண்டுவந்து பிணைப்பது இன்னும் நல்லது.

சுவிட்ச் வழியாக 9 ஆம்பியரையும் ஓட்டினால் மலிவான சுவிட்ச் சூடேறிக் கருகும். இதற்கு ரிலே என்ற சின்னப் பெட்டி உண்டு. தண்டல் மாதிரி. தான் சுமப்பதில்லை, சுமக்கும்படி சொல்லும். அதன் அடியில் நான்கு கால்களுக்கும் எண் போட்டிருக்கும். 30-ஆம் காலுக்குப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த வயர். 87-லிருந்து விளக்குக்குத் தடித்த வயர். 86-க்குச் சுவிட்சிலிருந்து மெல்லிய வயர். 85 எர்த்துக்கு. சுவிட்ச் வழியாகக் கால் ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும். ஓட்டுநர் கைக்குப் பக்கத்தில் சின்னச் சுவிட்ச் வைத்தால் போதும். எல்இடி 3 ஆம்பியர்தான் என்பதால் அதற்கு ரிலே கட்டாயமில்லை.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைத்தான் கடைசியில் மாட்ட வேண்டும். மற்ற முனையில் ஸ்பேனர் இருக்கும்போது அது வண்டியின் இரும்பைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் என்ற வாயு வரும், பொறி பட்டால் வெடிக்கும். சிகரெட்டு வேண்டாம். பேட்டரித் தண்ணீர் என்று நாம் சொல்வது திராவகம். கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு வேறு வேலை உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

எங்கே மாட்டுவது? செம்பனைக் காட்டுக்குள் போகும் வண்டிக்கு, மட்கார்டின் வெளிமுனையில் நீட்டிக்கொண்டிருக்கும் விளக்கு ஒரு வாரம் நிற்காது. எஞ்சின் முகப்பின் இரு பக்கமும், கம்பி வலை போட்ட சட்டத்துக்குள் வைப்பது நல்லது. வலையில் நார் சேர்ந்தால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். விளக்குக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர்த் துண்டு வையுங்கள், பழைய டயர் டியூப்பே போதும். நடுக்கம்தான் கம்பி பல்பின் எமன். ஓட்டுநர் தலைக்கு மேலே கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் இருந்தால், அதில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. சட்டத்தின் பலம் அங்கே குறைந்துவிடும். பட்டை போட்டு இறுக்குங்கள்.

மாட்டியபின் திசை பார்க்க வேண்டும். சமதரையில் பட்டறைச் சுவருக்கு நேரே, விளக்கிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி வரைக்கும் அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். விளக்கு 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் வெளிச்சம் அறுபது மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் டிராக்டருக்கு அது போதும். ஆனால் இந்த அளவையெல்லாம் குலை ஏற்றிய ட்ரேலரை மாட்டிக்கொண்டு செய்யுங்கள். பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். வெறும் வண்டியில் சரிபார்த்த விளக்கு, பாரத்தோடு போகும்போது வானத்தைப் பார்க்கும்.

இப்போது நான் சொல்ல விரும்பாத பகுதிக்கு வருகிறேன். போர்மேன் ஐயா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, அந்தச் சிவப்பு மாஸிக்கு நல்ல முறையில் முன்விளக்குப் போட்டு முடித்தோம். தோட்டமே வந்து பார்த்தது. அறுப்பு அதிகமான மாதங்களில் வண்டி இருட்டிய பிறகும் ஓட ஆரம்பித்தது. வெட்டிய குலையை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைக்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பது உங்களுக்குத் தெரியும். விளக்கு வந்ததால் வேலை நேரம் நீண்டது. மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, மங்கிய நேரம், தார்ச்சடக்கு ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ட்ரேலரின் பின்னால், வேலை முடிந்து வந்த நம் தோட்டத்துப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு மோதிவிட்டான். கால் முறிந்தது. ஒன்றரை வருடம் அவன் வேலைக்குப் போகவில்லை. ட்ரேலரின் பின்னால் விளக்கு இல்லை. ஒரு சிவப்புச் சில்லுகூட இல்லை.

பையனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் தாயார் என்னிடம் கோபப்படவில்லை. "தம்பி, முன்னாலே பகல் மாதிரி எரியுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. பின்னாலே வர்ற பிள்ளைக்கு என்னப்பா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். சேறு படிந்த ட்ரேலர், இருட்டு நிறம், அது அவன் விளக்கில் முப்பது நாற்பது மீட்டரில்தான் தெரியும். இரண்டு விநாடி. நாம் நினைத்து முடிக்கவே ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். ராசா, கெர்லிங், களும்பாங் வழியே போகும் பழைய ஈப்போ சடக்கில் நெடுஞ்சாலை வந்த பிறகும் லாரியும் மோட்டார் சைக்கிளும் குறையவில்லை. 1992-ல் இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் பகலிலும் விளக்கு எரிய ஓட வேண்டும் என்று விதி வந்தபோது, பகலில் எதற்கு விளக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த விளக்கு ஓட்டுகிறவன் பார்ப்பதற்கல்ல, அவனை மற்றவர் பார்ப்பதற்கு. டிராக்டருக்கும் இதே கதைதான்.

ஆகவே முன்விளக்குக்குச் செலவு செய்யுமுன் ட்ரேலரின் பின்னால் இரண்டு மூலையிலும் சிவப்பு விளக்கும், அதற்குப் பக்கத்தில் சிவப்பு எதிரொளிச் சில்லும் வையுங்கள். சில்லுக்கு வயர் வேண்டாம், பேட்டரி வேண்டாம், பின்னால் வருகிறவன் விளக்கே அதை எரிய வைக்கும். கையில் காசு குறைவாக இருந்தால் சில்லை மட்டுமாவது இன்றைக்கே வாங்கி மாட்டுங்கள். விளக்கு வயருக்கு, டிராக்டருக்கும் ட்ரேலருக்கும் நடுவே செருகிக் கழற்றும் பிளக் போட வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டால் முதல் வளைவிலேயே அறுந்துவிடும். குலை கொட்டும்போது அடிபடாமல் விளக்கை இரும்புத் தகட்டுக்குள் ஒதுக்கி வையுங்கள். டிராக்டரின் பின்பக்கம் வெள்ளை வேலை விளக்கு இருந்தால் தார்ச்சடக்கில் ஏறுமுன் அணைத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு வெள்ளை விளக்கு தெரிந்தால் எதிரே வரும் வண்டி என்று நினைத்துக்கொள்வான்.

பொதுச் சடக்கில் ஏறும் டிராக்டருக்குப் பதிவும் உரிமமும் வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். விளக்கு மாற்றுமுன் போக்குவரத்து இலாகா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

காலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால்வெட்டுக்குப் போன நம் பெரியவர்கள் நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்துக்கு மரம் போனார்கள். கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டினால் வாயு வரும், அது எரியும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். சூரியன் தன் பாட்டுக்குத்தான் உதிக்கிறது, ஆனால் நம் ஆறு மணி முன்பைவிட இருட்டாகிவிட்டது. இப்போது ஏழு மணிக்குப் பக்கத்தில்தான் விடிகிறது. ஆள் ஏற்றிப் போகும் வண்டி, ஆயாக்கொட்டகைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தாய், பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளை எல்லோரும் ஒரே சடக்கில், ஒரே இருட்டில்.

தஞ்சோங் காராங், சிகிஞ்சான் பக்கம் வயலில் கைப்பிடித்து ஓட்டும் சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும், வீட்டுத் தோட்டத்துக்குச் சிறிய எஞ்சின் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றுக்குப் பேட்டரி கிடையாது. எஞ்சின் சக்கரத்துக்குள் இருக்கும் ஒரு கம்பிச் சுருள்தான் விளக்குக்கு மின்சாரம் தரும். அந்தச் சுருள் எத்தனை வாட்டுக்குச் செய்ததோ அதே வாட் பல்பு போட வேண்டும். பெரிய பல்பு போட்டால் மங்கும். சிறிய பல்பு போட்டால், எஞ்சின் வேகமெடுத்ததும் வோல்ட் ஏறி பல்பு உடனே போய்விடும். சுருளே இல்லாத வண்டியில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சிறிய பேட்டரி ஒன்றைப் பெட்டியில் கட்டி, 18 வாட் எல்இடி மாட்டலாம். கணக்குப்படி நான்கரை மணி நேரம், நடைமுறையில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெண்மணிக்குப் பந்தியில் நான் சொன்னது, "பேட்டரி தாங்கும் தங்கச்சி, எல்இடி போடச் சொல்லு, பியூஸ் வைக்கச் சொல்லு" என்பது வரைதான். பின்விளக்கைச் சொல்லுமுன் இலை எடுத்துவிட்டார்கள். இந்த உரையை அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளுக்கு வேலை உண்டு என்றேன் அல்லவா? மாலையில் அப்பா வண்டியை எடுக்குமுன், எஞ்சின் நின்றிருக்கும்போதே, விளக்குச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். பிள்ளையை ட்ரேலருக்கு இருபது முப்பது அடி பின்னால், சடக்கை விட்டு விலகி நிற்க வையுங்கள். இரண்டு சிவப்பும் தெரிகிறதா, சில்லில் சேறு படிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். வாகன ஓட்டிக்குத் தன் வண்டியின் பின்பக்கம் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.